வெங்காய இயந்திரத்தின் முழு விவரக்குறிப்பு

ஜூன் 9

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. திருச்சியில் காப்புரிமை வேலை பார்க்கும் ஹபீபா மேடம் சொன்னதால் எழுதுகிறேன். "மெஷின்ல என்ன மாத்துனீங்க, என்ன ஆச்சுன்னு தேதி போட்டு எழுதி வைங்க சார், பின்னாடி உதவும்" என்றார். இயந்திரத்தைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே இன்று பாலிடெக்னிக் நூலகத்துக்கு இரண்டு மாணவர்கள் வந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். இருவரும் மின்விசிறிக்காக வந்தவர்கள். நூலகர் என்ற முறையில் அதை வேகமாகச் சுழலவிட்டேன்.

சின்ன வெங்காயம் விளைவதில் பெரம்பலூருக்குப் பெரிய பேர். உரிப்பதில் எந்த ஊருக்கும் பேர் கிடையாது. என் மனைவி மலர்க்கொடி ஓட்டல்களுக்கும் கல்லூரி விடுதிக்கும் உரித்த வெங்காயம் கொடுக்கிறாள். அவள் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடை இயந்திரம் அவளை மலர்க்கொடி என்று ஒப்புக்கொள்ள மறுத்த நாளில்தான் நான் இதைக் கண்டுபிடிக்கத் தொடங்கினேன்.

இயந்திரம் இதுதான். ஒரு தகர உருளை, படுக்கைவசத்தில். உள்ளே, கார்களில் காலடியில் போடும் ரப்பர் விரிப்பு. சுற்றுவதற்குப் பழைய கிரைண்டர் மோட்டார். ஒரு முனையில் ஊறவைத்த வெங்காயத்தைப் போட்டால் மறுமுனையில் உரித்த வெங்காயம் வந்து விழும். தோல் தண்ணீரோடு போய்விடும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அருமையாக வேலை செய்கிறது.

போன செப்டம்பரில் ஒரு தற்காலிக மனு போட்டு, இதை முதலில் சொன்னவன் நான் என்று தேதியைப் பிடித்துவிட்டோம். இந்த செப்டம்பர் 12க்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும். தவறினால் பிடித்த தேதி போய்விடும். இயந்திரம் ஓடுகிறது, எழுதுவதுதான் பாக்கி. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் எழுதியதை அடுக்கி வைத்தவனுக்கு அது ஒரு வேலையா?

ஜூன் 14

திருச்சி போய் ஹபீபா மேடத்திடம் என் வரைவைக் கொடுத்தேன். சங்க காலம் முதல் வெங்காயம் தமிழர் வாழ்வில் பெற்ற இடம் பற்றிய முதல் நான்கு பக்கங்களையும் ஒரே கோட்டில் அடித்தார். கோடு நேராக இருந்தது.

பிறகு உரிமை கோரும் பகுதிக்கு வந்தார். 'தோலுள்ள எந்தப் பொருளையும் உரிக்கும் இயந்திரம்' என்று எழுதியிருந்தேன்.

"தோலுள்ள எந்தப் பொருளும்னா அதுல நீங்களும் நானும் வர்றோம் சார்."

"வெங்காயம்னு மட்டும் போட்டா, நாளைக்கு ஒருத்தன் பூண்டு உரிச்சுட்டுப் போயிடுவானே மேடம்?"

"நீங்க பூண்டு உரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அது எப்படி உங்களுது ஆகும்? இருபது வருஷம் இது உனக்கு மட்டும்னு சர்க்கார் எழுதிக் கொடுக்குது. பதிலுக்கு நீங்க ரகசியத்தை முழுசா ஊருக்குச் சொல்லிடணும். உங்க கையில இருக்கறதைச் சொல்லுங்க. எதைச் சொல்லலையோ, அது உங்களுது இல்ல."

அதற்கு ஒரு சோதனையும் சொன்னார். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இயந்திரத்தைச் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் அது விவரணை. ஓடாவிட்டால் கட்டுரை.

பேருந்தில் வரும்போது யோசித்தேன். இந்த அளவுகோலை வைத்தால் என் நூலகத்தில் பெரும்பாலான அலமாரிகள் காலியாகிவிடும்.

ஜூன் 15

படம் வரையும் வேலை மலர்க்கொடியுடையது. தையல் வகுப்பு எடுத்தவள், கண்ணால் பார்த்ததை அப்படியே வரைவாள். அதுதான் அவள் குறை. போன வருடம் தற்காலிக மனுவுக்கு அவள் வரைந்த படத்தில் உருளை, குடித்துவிட்டு வருகிறவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அரசாங்கத்துக்குப் போகும் படம் என்பதால் நானே ஸ்கேல் வைத்து நேராக்கி, மறுபடி வரைந்து அனுப்பினேன். இந்த முறையும் சாய்த்தே வரைந்திருக்கிறாள்.

"ஏங்க, அது அப்பிடித்தாங்க இருக்குது."

"உன் கண்ணுக்கு."

மறுபடியும் நேராக்கினேன். அவளிடம் சொல்லிக் காட்டவில்லை. அவ்வளவு பண்பு எனக்கு உண்டு.

ஜூன் 18

வீட்டுக்காரர் துரைக்கண்ணுவுக்கு இந்த ஆண்டின் மூன்றாவது புகார்க் கடிதம். பின்கட்டுத் தரையைப் போட்ட கொத்தனார், தண்ணீர் ஓட வேண்டும் என்று சாக்கடைப் பக்கம் வாட்டம் விட்டவர், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விட்டிருக்கிறார். என் எழுதும் மேசையும் அங்கேதான். இரண்டு காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன். அப்படியும் பேனாவை வைத்தால் உருண்டு விழுகிறது. நேற்று மலர்க்கொடியின் கையிலிருந்து நழுவிய வெங்காயம், வழி தெரிந்தது போல நேராகச் சாக்கடைக்குப் போயிற்று.

துரைக்கண்ணு போனில் சொன்னார்: "வாத்தியாரே, இந்த வீட்டுல தண்ணி நின்னுச்சுன்னு ஒருத்தன் சொல்லியிருக்கானா? நீங்க பேனாவுக்காவ தரைய ஒடைக்கச் சொல்றீங்க."

நான் வாத்தியார் இல்லை. இருந்தாலும் கடிதத்தில் அதைக் குறிப்பிடவில்லை. ஒரு புகாரில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 22

தொழில் தெரிந்த ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். மலர்க்கொடியின் அண்ணன் வீராசாமி மச்சான். துறையூர் சாலையில் வெல்டிங் பட்டறை. இந்த வட்டாரத்தில் கதவு, கலப்பை, கோயில் உண்டியல் எல்லாம் அவர் கைபட்டவை. அவரிடம் காகிதத்தைக் கொடுக்கத் தயங்கினேன். ஜனவரியில் அவர் மகள் கல்யாண மண்டபத்தில் என் இயந்திரத்தால் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

கேட்டதும் அவர் சொன்னது: "செய்யிறேன் மாப்ள. ஆனா என் பட்டறையில செஞ்சா அது நல்லாவே ஓடிரும். அப்பறம் உங்க பேர போடறதா, என் பேர போடறதா?"

ஜூன் 26

மச்சான் வேலையைத் தொடங்கிவிட்டார். நிபந்தனைப்படி நாங்கள் இயந்திரத்தைப் பற்றிப் பேசக் கூடாது. இன்று சாப்பிட வந்தார். எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"மலரு, உன் வீட்டுக்காரரு 'தகுந்த வேகம்'னு எழுதியிருக்காரு. எதுக்குத் தகுந்த வேகம்னு கேளு."

"ஏங்க, எதுக்குங்க?"

"மலரு, பதில் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு சொல்லு."

"அண்ணே, சட்டம் இருக்குதாம். ரசம் ஊத்தட்டுமா?"

அவர் போனதும் 'தகுந்த வேகம்' என்பதை அடித்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதினேன். 'போதிய அளவு', 'நல்ல ரப்பர்' ஆகியவையும் போயின. ஒரு பக்கத்தில் இத்தனை சொற்கள் எதையுமே சொல்லாமல் இருந்திருக்கின்றன. அரசாங்க ஆண்டறிக்கை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது.

ஜூலை 7

மச்சானின் இயந்திரம் தயார். என்னுடையது தகரம், அவருடையது எவர்சில்வர். என்னுடையது பேசும், அவருடையது முனகுகிறது. பட்டறையின் நட்டநடுவில் வைத்து, உருளையின் மேல் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி நடுவில் நின்றது, அசையவே இல்லை.

"நூல் புடிச்ச மாதிரி இருக்குது பாருங்க."

வெங்காயத்தைக் கொட்டினார். மறுமுனையில் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. ரோஜா நிறத்தில், நைசாக, சட்டியில் வழித்துப் போடும் பதத்தில்.

மச்சான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துல வந்த அதே சட்னி" என்றார்.

ஜூலை 10

மச்சானின் இயந்திரத்தை லோடு ஆட்டோவில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுவந்தோம். என் இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்து ஓட்டினோம். வெங்காயம் ஒவ்வொன்றாக, முத்துப் போல, உரித்து வந்து விழுந்தது.

அடுத்து என் இயந்திரத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். சட்னி.

"வீட்டுக்குன்னு ஒரு ராசி இருக்குது மாப்ள."

நான் பகுத்தறிவுவாதி. ராசியை ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீராக இருக்கலாம் என்றேன்.

ஜூலை 14

தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைக் கேன் கேனாகப் பட்டறைக்குச் சுமந்து ஊறவைத்தும் சட்னிதான். வெங்காயமும் இல்லை, ஒரே மூட்டையிலிருந்து எடுத்தது. மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று மின்வாரிய ஆளைக் கூப்பிட்டோம். அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, வந்ததற்கு இரண்டு படி உரித்த வெங்காயம் வாங்கிக்கொண்டு போனார்.

பட்டறையிலிருந்து தினமும் வாளி வாளியாகச் சட்னி வருகிறது. மலர்க்கொடி அதை வதக்கித் தொக்காக்கி விடுதிக்கு அனுப்புகிறாள். விடுதிப் பையன்கள் இன்னும் கேட்கிறார்களாம். என் தோல்விக்கு இருக்கும் கிராக்கி என் வெற்றிக்கு இல்லை.

ஜூலை 21

ஹபீபா மேடத்துக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன்.

"சார், உங்க வீட்டுல ஏதோ ஒண்ணு இருக்கு. அது மெஷினோட பாகம். நீங்க அதைப் பாகம்னு நினைக்கல, அதனால எழுதல."

"வீட்டு ராசின்னு மச்சான் சொல்றார்."

"ராசிக்கு அலகு இருக்கா?"

"இல்ல."

"அப்ப கண்டுபிடிங்க. இன்னும் நாள் இருக்கு."

'இயந்திரத்தை அமைதியான குடும்பச் சூழலில் நிறுவ வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை நானே அடித்துவிட்டேன்.

ஜூலை 28

கெட்ட செய்தி. மச்சானின் சம்பந்தி வகையில் ஒருவர் கோயம்புத்தூரில் ஒரு விவசாயக் கருவிக் கம்பெனியில் இருக்கிறார். ஜனவரியில் மண்டபத்தில் என் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர். அவர்கள் கம்பெனி ஒரு வெங்காய உருளை செய்திருக்கிறதாம். செப்டம்பர் 6 திருச்சி வேளாண் கண்காட்சியில் மேடையேற்றப் போகிறார்களாம்.

"பாத்துட்டுப் போயி அப்பிடியே செஞ்சுட்டான் மாப்ள, சோத்தத் தின்னுட்டு" என்று மச்சான் கொதித்தார். அவர் பட்டறையில் ஓடாதது அவர்கள் தொழிற்சாலையில் ஓடிவிட்டால் என்ன செய்வது என்பது என் கவலை. ஓட வைப்பது எது என்பது அவர்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போனால், இது என் கண்டுபிடிப்பு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஐந்து வகைச் சோறு. மலர்க்கொடி இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தாள். தடுக்கவில்லை. பகுத்தறிவுக்குப் பண்டிகை விடுமுறை உண்டு.

ஆகஸ்ட் 11

எதிர்பாராத வெற்றி. துரைக்கண்ணு நேரில் வந்தார். என் கடிதங்களை அவர் மருமகன் படித்துவிட்டு, "மாமா, இவ்வளவு நல்லா எழுதறவருக்காகவாவது செஞ்சு குடுங்க" என்று சொன்னாராம். பின்கட்டு முழுக்கத் தரையைக் கொத்தி, சமமாக டைல்ஸ் போடப் போகிறார்கள். தண்ணீர் போக மூலையில் ஒரு ஜல்லடை மட்டும்.

எழுத்தின் வலிமை பற்றி எனக்கு இருந்த ஐயங்கள் தீர்ந்தன.

ஆகஸ்ட் 16

டைல்ஸ் வேலை முடிந்தது. கொத்தனார் ரசமட்டம் வைத்துக் காட்டினார். மேசை இருந்த இடத்துக்கே வந்தது, இயந்திரமும்தான்.

ஆகஸ்ட் 17

சட்னி.

ஆகஸ்ட் 18

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று காலையும் ஓட்டினோம். என் வீட்டில், என் தண்ணீரில், என் மின்சாரத்தில், என் இயந்திரத்தில், சட்னி. மலர்க்கொடி கொத்தனார்களின் சிமெண்ட் தூசு மேல் சந்தேகப்பட்டாள்.

விடுதிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கையாலேயே உரிக்க உட்கார்ந்தாள். ஒரு வெங்காயம் நழுவித் தரையில் விழுந்தது.

விழுந்த இடத்திலேயே கிடந்தது.

இருவரும் அதைப் பார்த்தோம். ஓடவில்லை. அவள் காலால் மெல்லத் தட்டினாள். ஒரு சுற்று சுற்றி நின்றுவிட்டது.

"ஏங்க…"

"தெரியுது."

செங்கல் ஒன்றை எடுத்துவந்து, வெங்காயம் போடும் பக்கத்துக் கால்களின் கீழே வைத்தேன். சுவிட்சை அவள்தான் போட்டாள். வெங்காயங்கள் வந்தன. அரைபடவில்லை, ஆனால் அவசரத்தில் பாதிச் சட்டையோடு ஓடிவந்தன. செங்கல் அதிகம். சரிவு வேண்டும், இவ்வளவு வேண்டாம். தட்டையாக இருந்தால் வெங்காயம் உள்ளேயே தங்கி அரைபடுகிறது. சரிந்தால் புரண்டு புரண்டு நகர்ந்து, தோல் போன நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அதைச் செய்தது பேர் தெரியாத ஒரு கொத்தனார். அதை மூன்று கடிதம் எழுதி உடைக்கச் செய்தவன் நான்.

மாலை மச்சானிடம் சொன்னேன். அவர் குனிந்து தன் பட்டறைத் தரையைப் பார்த்தார். "நூல் புடிச்சதுதான் தப்பா?" என்றார்.

ஆகஸ்ட் 19

விடுப்புப் போட்டுவிட்டுத் திருச்சி போனேன். ஹபீபா மேடம் முகம் மலர்ந்தது.

"அருமை சார். சாய்வு முதல் மனுவுல இருக்கா? ஒரு வரி இருந்தாக்கூடப் போதும்."

"வரி இல்ல."

"படத்துல?"

"படத்துல இருந்தது."

"இருந்ததுன்னா?"

"என் வீட்டம்மா சாய்ச்சுத்தான் வரைஞ்சாங்க. நான் நேராக்கிட்டேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஸ்கேல் வச்சா?"

"ஸ்கேல் வச்சு."

அவர் குமாஸ்தா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அறையின் நிலையைப் பார்த்துச் சர்க்கரை போடாமலே போனார்.

"சரி. போன செப்டம்பர் தேதி சாய்வுக்குக் கிடைக்காது. அன்னைக்கு நீங்க சொல்லாததை இன்னைக்குச் சொல்லிட்டு, அன்னைக்கே சொன்னதாக் காட்ட முடியாது. இனிமே நீங்க எழுதிக் கொடுக்கற நாள்தான் அதுக்குத் தேதி. அதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி கண்காட்சியில சாய்ச்சு வச்சு ஓட்டிட்டா, அவ்வளவுதான்."

"செப்டம்பர் ஆறு."

"அப்ப உங்களுக்குப் பன்னிரண்டு கணக்கில்ல, ஆறுதான். இன்னொண்ணு. நீங்களே இதை வெளியில எங்கயாவது ஓட்டிக் காட்டியிருந்தாலும் புதுமை போயிடும். காட்டினீங்களா?"

"கல்யாண மண்டபத்துல ஒரு சம்பவம்…"

"சொல்லுங்க. முழுசா."

இதில் எழுத மறுத்ததை அங்கே சொல்ல வேண்டியதாயிற்று. மண்டபத்துச் சமையற்கட்டு. புதுக் கிரானைட் தரை. சாம்பாருக்கு வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று சமையல்காரரிடம் நானே வலியப் போய்ச் சொன்னது. சம்பந்திகள் பார்க்கட்டும் என்று மச்சான் அவர்களையும் அழைத்துவந்தது. உருளையின் வாயிலிருந்து ரோஜா நிறத்தில் வழிந்தது. "இது சட்னி அரைக்கிற மெஷினா?" என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டது. சமையல்காரர் மறுபேச்சுப் பேசாமல் அதைத் தாளித்துப் பந்தியில் வைத்தது. அன்று காலை சாப்பிட்ட அத்தனை பேரும் என்னைத் தேடிவந்து சட்னி பிரமாதம் என்று கைகொடுத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஹபீபா மேடம் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டார். "தரை கிரானைட்டா? சமமாவா இருந்துச்சு?"

"கண்ணாடி மாதிரி."

"உரிச்ச வெங்காயம் ஒண்ணாவது வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"ரொம்ப நல்லது. அப்ப ஓடுற மெஷினை வெளியாள் யாரும் பாக்கல. அவங்க பாத்தது ஓடாததை. உங்க அவமானம்தான் சார் உங்களைக் காப்பாத்தியிருக்கு. வீட்டுல ஓடினதை யார் பாத்தா?"

"மச்சான். அவர் நம்ம ஆளு, வாயைத் திறக்க மாட்டார். மின்வாரிய ஆள் மீட்டரைத்தான் பாத்தார். அப்பறம் வீட்டுக்காரர்."

"அவர் என்ன பாத்தார்?"

"தரையை."

"மெஷினை?"

"என் வீட்டுல அவர் தரையைத் தவிர எதையும் பாத்ததில்ல."

ஆகஸ்ட் 22

காலையும் மாலையும் சோதனை. செங்கல்லுக்குப் பதிலாக மச்சான் திருகித் திருகி உயர்த்தும் கால்கள் செய்து கொடுத்தார். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு படி வெங்காயம். மலர்க்கொடி ஒவ்வொரு படியிலும் அரைபட்டது எத்தனை, தோலோடு வந்தது எத்தனை என்று பிரிக்கிறாள். படிகளைக் கலந்துவிட்டேன் என்று இன்று எனக்குத் திட்டு. "நீங்க புஸ்தகத்த அடுக்குங்க, இத நான் பாத்துக்கிறேன்."

ஆகஸ்ட் 26

பெரிய வெங்காயம்: ஆகாது. பூண்டு: பல் பல்லாகப் பிரித்துப் போட்டால் ஆகிறது, உருளை இன்னும் மெதுவாகச் சுற்ற வேண்டும். உருளைக்கிழங்கு: எழுதுவதற்கில்லை. தோலுள்ள பொருட்களின் உலகம் மிகப் பெரியது. அதில் என் பங்கு எவ்வளவு சிறியது என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பங்கு என்னுடையது.

ஆகஸ்ட் 29

'எந்தச் சாய்வானாலும்' என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பழைய ஆசை. பிறகு நானே அடித்துவிட்டு, நாங்கள் ஓட்டிப் பார்த்ததில் எங்கிருந்து எதுவரை சரியாக வந்ததோ அந்தப் பாகைகளை மட்டும் எழுதினேன். அதற்குக் கீழே போனால் சட்னி, மேலே போனால் பாதிச் சட்டை என்றும் எழுதினேன். ஹபீபா மேடம் 'சட்னி' என்பதை 'கூழ்' என்று மாற்றினார்.

கண்டுபிடித்தவர் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரைப் போட்டேன். மேடம் பேனாவை நிறுத்திக் கேட்டார்: "எந்தச் சாய்வுல எத்தனை சரியா வந்துச்சுன்னு பிரிச்சுப் பாத்தது யார் சார்? அது இல்லாம இந்தப் பேப்பர் இல்ல."

மலர்க்கொடியின் பெயரையும் போட்டோம். வீட்டில் சொன்னபோது அவள், "என் கைரேகைதான் விழாதே" என்றாள். கையெழுத்துப் போதும் என்றேன்.

படம் அவளே வரைந்தாள். உருளை சாய்ந்திருக்கிறது. தரை ஒரு கோடு, சாய்வு ஒரு கோணம். ஸ்கேல் அவள் கையில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 1

காகிதத்தை மச்சான் பட்டறைக்கு அனுப்பினேன். அவருக்கு இதற்குள் எல்லாமே தெரியும் என்பதால் அவர் செய்யக் கூடாது, அரியலூரில் பட்டறை வைத்திருக்கும் அவர் நண்பர் பீட்டரிடம் கொடுத்து, எதையும் வெளியில் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு செய்யச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பீட்டர் என்னையோ என் இயந்திரத்தையோ பார்த்ததில்லை. உருளையும் மோட்டாரும் மச்சான் தயாராக அனுப்பிவிட்டார். பூட்டுவதும் நிறுத்துவதும் ஓட்டுவதும் காகிதப்படி பீட்டருடைய வேலை. மச்சான் பக்கத்தில் நிற்கலாம், பேசக் கூடாது. அவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுக்க முடியாது.

செப்டம்பர் 3

பகல் முழுக்க நூலகத்தில் ஒரே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. பீட்டரிடமிருந்து ஒரு கேள்வி வந்தாலும் விவரணை தோற்றது என்று பொருள்.

மாலை மச்சான் வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மலர்க்கொடி மூடியைத் திறந்தாள். உள்ளே வெங்காயம். முழுசு முழுசாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல்.

"என்னண்ணே கேட்டாரு அவரு?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"படிச்சாரு. செஞ்சாரு. போட்டாரு. வந்துச்சு. நான்தான் மூணு தடவ வாயத் தொறந்தேன். 'கம்முனு இருய்யா, இதுலதான் எழுதியிருக்குதுல்ல'ன்னுட்டாரு." மச்சான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "மாப்ள, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க போல."

அவரிடமிருந்து இருபத்தெட்டு ஆண்டுகளில் முதல் பாராட்டு. அதிலும் 'போல' இருக்கிறது.

செப்டம்பர் 4

மனு போய்விட்டது. ரசீது வந்துவிட்டது. பழைய தேதி போனது போனதுதான். இன்றைய தேதி என்னுடையது.

செப்டம்பர் 6

மூவரும் திருச்சிக் கண்காட்சிக்குப் போனோம். அந்தக் கம்பெனி இதற்கு முன்பே எங்காவது எழுதிக் கொடுத்திருந்தால் நேற்று முன்தினம் போட்ட தேதிக்கு என்ன மரியாதை?

அவர்கள் கடைக்கு முன்னால் கூட்டம். பளபளக்கும் உருளை, பச்சை வர்ணம், எண்களைக் காட்டும் திரை. கம்பளம் விரித்த மேடைமேல், நூல் பிடித்தது போல, படுசமமாக நின்றது.

மலர்க்கொடி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கழுத்துப்பட்டை கட்டிய விற்பனை இளைஞர் வெங்காயத்தைக் கொட்டினார். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அந்த ரோஜா நிறம் வந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா, "தம்பி, இதுல தேங்கா போடலாமா?" என்று கேட்டார். இளைஞருக்கு வியர்த்தது. "இங்க வோல்டேஜ் சரியில்லீங்க. தண்ணியும் கொஞ்சம் உப்பு. ஃபேக்டரில நல்லா ஓடுச்சு" என்றார். அவர் மேல் எனக்குச் சொந்தப் பிள்ளையிடம் வரும் இரக்கம் வந்தது. அந்தத் தொழிற்சாலையில் எந்த மூலையில் தரை சரிந்திருக்கிறதோ.

மச்சானால் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் பிறர் இயந்திரத்தைச் சரிசெய்தே பழகியவர். ஓடாத ஒன்றைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மேடை ஓரத்தில் கிடந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, குனிந்து, உருளையின் காலை நோக்கிப் போய்விட்டார். மலர்க்கொடி அவர் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"அய்யோ!"

"செருப்பு கழண்டுருச்சுண்ணே. வாங்க அந்தாண்ட."

இளைஞர் எங்களைக் கவனித்துவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சார், இதுல என்ன குறைன்னு உங்களுக்குத் தெரியுமா? பாத்தா தெரிஞ்சவர் மாதிரி இருக்கீங்க."

"தெரியும் தம்பி."

"சொல்லுங்க சார்."

"முழுசா எழுதிக் குடுத்திருக்கேன். பதினெட்டு மாசத்துல சர்க்காரே வெளியிடும். படிச்சுப் பாருங்க, ஒரு கேள்வி வராது."

செப்டம்பர் 7

தரை சமமான பிறகும் மேசைக்காலின் அட்டையை எடுக்காமல் விட்டிருக்கிறேன். பேனா இப்போது எதிர்ப்பக்கம் உருண்டு விழுகிறது. மலர்க்கொடி எடுக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன்.